அப்பா கல்லறையில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி

இறந்தவருக்குப் பிடித்த ஒரு பொருளைக் கல்லறையில் வைக்க ஆசைப்படாத குடும்பம் குறைவு. வைத்த பொருள் சென்னையின் ஒரு மழைக்காலத்தைத் தாண்டி நிற்பது அதைவிடக் குறைவு. எங்கள் அப்பாவின் பொருட்கள் சிலவற்றை அவர் கல்லறையில் வைத்து, சில வருடங்களாகப் பார்த்துக்கொண்டு வருகிறோம். அதில் கற்றுக்கொண்டதை, இப்படி ஏதாவது செய்ய நினைக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் உள்ளே வராமல் அடைக்கத்தான் எல்லோரும் பாடுபடுகிறோம். வந்த தண்ணீர் வெளியே போக வழி வைத்தீர்களா என்பதுதான் கேள்வி.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலை முடிந்து வந்தால் தெருமுனை மன்றத்தில் கேரம். கேரம் வீரர் மரிய இருதயம் அர்ஜுனா விருது வாங்கிய 1996-ல் மன்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததை அம்மா இன்னும் சொல்வார். 2024-ல் வடசென்னைப் பெண் காசிமா கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்தபோது அவர் இல்லையே என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவருடைய ஜெபமாலையைக் கையில் சுற்றித்தான் அடக்கம் செய்தோம். ஸ்ட்ரைக்கர், மூக்குக் கண்ணாடி, துறைமுக வேலையில் வைத்திருந்த பித்தளை விசில், ஒரு போட்டோ, இவ்வளவும் வீட்டில் இருந்தன. "கண்ணாடி இல்லாம அவரு என்னாத்த பாப்பாரு, அதையாச்சும் அங்க வெய்ங்கடா" என்று அம்மா கேட்டதில்தான் இந்த வேலை தொடங்கியது.

எங்களுடையது குடும்பக் கல்லறை, கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏற்கெனவே பாட்டியை அடக்கம் செய்த இடத்தைத் திறந்துதான் அப்பாவை வைத்தோம். சென்னையில் கல்லறைத் தோட்டங்களில் புது இடம் கிடைப்பது கஷ்டம் என்பதால், ஒரே கல்லறையைக் குடும்பத்தில் அடுத்தவருக்குத் திறப்பது இங்கே வழக்கம். அன்றைக்குப் பாட்டியின் பெயர்ப் பலகையையும், சிமென்ட்டில் பதித்திருந்த மாதா படம் போட்ட டைல்ஸையும் உளி வைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கொத்தனார் எவ்வளவு பொறுமையாகத் தட்டியும் டைல்ஸ் நான்கு துண்டாகிவிட்டது. அத்தை அந்தத் துண்டுகளைப் புடவைத் தலைப்பில் கட்டி எடுத்துப் போனார். மேலே வைக்கும் எதுவும் கல்லைச் சேதப்படுத்தாமல் கழற்றி எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று நானும் தம்பியும் அப்போதே முடிவு செய்துவிட்டோம். குடும்பக் கல்லறை வைத்திருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். என்றைக்காவது ஒரு நாள், எல்லோரும் அழுதுகொண்டிருக்கிற வேளையில், அவசர அவசரமாக அந்தக் கல்லைத் தூக்கத்தான் போகிறார்கள்.

பெட்டி செய்வதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தோம். மழைக்காலம் முடிந்த கையோடு, ஜனவரியில், தோட்டத்தைச் சுற்றி வந்து மற்ற கல்லறைகளில் எது தாங்கியிருக்கிறது, எது போய்விட்டது என்று பார்த்தோம். எந்தக் கடைக்காரரும் சொல்லாததை அந்தக் கற்கள் சொல்லிவிடும். நீங்களும் இதைச் செய்யுங்கள், அதுவும் உங்கள் கல்லறை இருக்கிற தோட்டத்திலேயே. கீழ்ப்பாக்கத்தில் தாங்குவது காசிமேட்டு உப்புக்காற்றில் தாங்கும் என்று சொல்ல முடியாது.

அதிகம் பார்த்தது லேமினேஷன் செய்த போட்டோ. ஒன்று எனக்கு மறக்கவில்லை. ஒரு சின்னப் பையனின் பள்ளிக்கூடப் படம். பிளாஸ்டிக் அப்படியே பளபளவென்று இருந்தது. ஆணி அடித்த ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்து, உள்ளே பழுப்பாக ஒரு கோடு மேலேறி, முகத்தில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் சிவப்பு வெளிறி, சட்டை, தோல், தலைமுடி எல்லாம் ஒரே நீலமாக இருந்தது. லேமினேஷனுக்குள் போன தண்ணீர் திரும்பி வராது, உள்ளேயே இருந்து பூஞ்சணம் பிடிக்கும். ஓரத்தில் கால் அங்குலம் வெறும் பிளாஸ்டிக் விட்டு ஒட்டச் சொன்னால் கொஞ்ச நாள் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான். ஆணி அடித்தால் அதுவும் போச்சு.

அடுத்தது, நாலு பக்கமும் சிலிகான் போட்டு முழுக்க அடைத்த அக்ரிலிக் பெட்டிகள். இதுதான் பாதுகாப்பு என்று நினைத்துச் செலவு செய்தவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. அநேகமாக எல்லாப் பெட்டிக்குள்ளும் தண்ணீர் முத்து முத்தாக நின்றது, அடியில் பச்சைப் பாசி. காரணத்தைத் தம்பிதான் விளக்கினான். அவன் அலுமினியம் பேப்ரிகேஷன் வேலை செய்கிறவன். சென்னைக் காற்றிலேயே ஈரம் இருக்கிறது. பகல் வெயிலில் பெட்டி சூடாகும்போது உள்காற்று விரிந்து, கண்ணுக்குத் தெரியாத இடுக்கு வழியாக வெளியே போகும். சாயங்காலம் ஒரு மழை விழுந்து பெட்டி சட்டென்று குளிர்ந்தால், அதே இடுக்கு வழியாக ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் கண்ணாடியில் படிந்து சொட்டும். வெளியேற வழி கிடையாது. "அக்கா, ஜன்னல் ஃப்ரேமுக்குக் கீழ சின்ன ஓட்டை இருக்கும், பாத்திருக்கியா? அது தண்ணி எறங்கத்தான். அதே மாதிரி இதுக்கும் விட்டுட்டா போதும்" என்றான்.

அப்படித்தான் எங்கள் பெட்டி பிறந்தது. ஓரடி அகலம், முக்கால் அடி உயரம், ஐந்து அங்குல ஆழம். பவுடர் கோட்டிங் செய்த அலுமினியம் ஃப்ரேம், முன்பக்கம் 5 மில்லிமீட்டர் டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடேற்றிக் கடினமாக்கியது. மேல்பலகை பின்பக்கம் சரிந்து, முன்னால் இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வீட்டு ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு இருக்கிற மாதிரி. அடியில் இரண்டு மூலையிலும் தண்ணீர் இறங்க ஓட்டை. பின்பக்கம் மேலே, கூரை நிழலுக்குள், காற்றுப் போக இன்னும் இரண்டு. எல்லா ஓட்டைக்கும் உள்ளே ஸ்டீல் கொசுவலை. வலை இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் மண் குளவி கூடு கட்டிவிடும், எறும்பும் பல்லியும் குடியேறிவிடும். பொருட்கள் பெட்டியின் தரையில் படாமல், ஒரு அங்குல உயரத்தில் கிரானைட் துண்டு ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. உள்ளே தண்ணீர் வந்தாலும் அதற்கு அடியிலேயே ஓடி இறங்கிவிடும். சாரலில் கண்ணாடி உள்பக்கம் பனிக்கத்தான் செய்கிறது. அடுத்த நாள் வெயில் வந்ததும் தானே காய்ந்துவிடுகிறது.

கண்ணாடியா அக்ரிலிக்கா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அக்ரிலிக் லேசானது, வெட்டுவதும் சுலபம், வெயிலையும் ஓரளவு தாங்கும். ஆனால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழுந்து மங்கிவிடும். பாலிகார்பனேட் உடையாது, ஆனால் வெயிலுக்கான பூச்சு இல்லாத மலிவு ஷீட் மஞ்சளாகிப் போகும். எல்லாவற்றையும்விட முக்கியம், கல்லறைத் திருநாளன்று சுற்றிலும் மெழுகுவர்த்தி எரியும். பிளாஸ்டிக் எதுவாக இருந்தாலும் அந்தச் சூட்டில் நெளியும், பற்றிக்கொள்ளவும் கூடும். எங்களுக்குக் கண்ணாடிதான் சரிப்பட்டது. தேவராஜ முதலி தெருவில் அளவு கொடுத்து வாங்கினோம். டஃபன்ட் கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது, அதனால் அளவை இரண்டு முறை எடுத்துக்கொண்டு போங்கள்.

உலோகத்தில் கவனம் வேண்டும். கடலோரத்தில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டால் ஒரே மழைக்காலத்தில் துரு வழிந்து கல்லெல்லாம் காவிக் கறை. அதைவிட மோசம், கல்லில் துளை போட்டு இறக்கிய இரும்பு. துருப்பிடித்தால் இரும்பு உப்பும், உப்பினால் கல்லை உள்ளிருந்தே பிளக்கும். எனவே தலைமாட்டுக் கல்லில் துளையே போடாதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லிக் கடையில் கொடுப்பது பெரும்பாலும் 304 என்ற ரகம் அல்லது அதைவிடக் குறைந்தது. உப்புக்காற்றில் அதன் மேலும் பழுப்புப் புள்ளி வரும். 316 கேளுங்கள், அதில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்து 304-ஐயும் 316-ஐயும் பிரிக்க முடியாது, எனவே பில்லில் எழுதி வாங்குங்கள். அலுமினியத்தில் ஸ்டீல் ஸ்க்ரூ நேரடியாகப் படும் இடத்தில் ஈர உப்பு சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் ஒரு நைலான் வாஷர் போட்டால் தீர்ந்தது.

ஒட்டுவதற்கு, மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை மழையில் ஊறிக் கழன்றுவிடும். ஹாட் க்ளூ மே மாத வெயிலில் இளகிவிடும். சிலிகான்தான் சரி, ஆனால் அதிலும் இரண்டு ரகம் உண்டு. போடும்போது வினிகர் மாதிரிப் புளிப்பு வாடை அடிப்பது ஒன்று, அது காயும்போது அமிலத்தை விடும். மார்பிளுக்கும் உலோகத்துக்கும் ஆகாது. நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் ஒரு அலுமினியம் சேனலை மட்டும் நியூட்ரல் சிலிகானால் கிரானைட் மேல் ஒட்டினோம். பெட்டி அந்தச் சேனலில் நழுவி உட்கார்ந்து, பின்னால் ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிற்கிறது. நாளைக்குக் கல்லறையைத் திறக்க வேண்டி வந்தால் பெட்டியைக் கழற்றி, சிலிகானைப் பிளேடால் அறுத்தால் கல்லில் ஒரு கீறல்கூட இருக்காது.

இதையெல்லாம் தொடங்கும் முன்பே தோட்டத்து அலுவலகத்தில் கேட்டு, படம் வரைந்து காட்டி, எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டோம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் உயரம், அகலம், எதை நிரந்தரமாகப் பொருத்தலாம் என்பதில் தனித்தனி விதி உண்டு. கல்லறை ரசீதைக் கையோடு கொண்டுபோங்கள்.

போட்டோ விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு மனசு அதிகம் ஒட்டியிருப்பது அதில்தான். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்ப் பொருட்களைப் பார்த்திருப்பீர்கள். இறந்தவரோடு வைத்தனுப்பிய பொருட்கள். இரும்பு துருவேறிக் கரைந்து கிடக்கிறது. தங்க நெற்றிப்பட்டம் தங்கமாகவே இருக்கிறது. அதன் பக்கத்தில் சுட்ட மண் பானை. ஏழை வீட்டுக்கும் கட்டுப்படியாகிறது சுட்ட மண்தான். போட்டோவுக்கும் அதே கணக்கு. பழைய கல்லறைகளில் நீள்வட்டமாக, பீங்கானில் முகம் பதித்திருப்பார்களே, அந்தப் படங்கள் சுமார் 800 டிகிரிச் சூட்டில் சுட்டவை. நிறமே கண்ணாடிப் பூச்சுக்குள் உருகிச் சேர்ந்திருக்கும். அதனால்தான் தாத்தா காலத்து முகங்கள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. இப்போது மலிவாகக் கிடைக்கிற "போட்டோ டைல்ஸ்" பலவும் அப்படியல்ல. மேல்பூச்சில் சாயத்தைச் சூடேற்றி ஏற்றியவை, காபிக் கோப்பையில் படம் போடுகிற அதே முறை. வீட்டுச் சுவரில் நன்றாக இருக்கும், வெயிலில் வெளிறிவிடும். கடையில் "இது சூளையில் சுட்டதா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். பதில் இழுத்தால் வேறு கடை பார்க்கலாம்.

எங்களுக்குப் பீங்கான் படம் கைக்கு எட்டும் விலையில் அமையவில்லை. கறுப்புக் கிரானைட்டில் லேசரால் அப்பா முகத்தைப் பொறித்தோம். அதில் மை கிடையாது, பாலிஷ் போன இடம் வெளிர் சாம்பலாகத் தெரியும், அவ்வளவுதான். வெயிலுக்கு வெளிற அங்கே ஒன்றுமே இல்லை. படத்தைக் கொடுக்கும்போது வெளிச்சம் ஒரு பக்கமாக விழும் போட்டோவாகப் பார்த்துக் கொடுங்கள். நேராக ஃபிளாஷ் அடித்த பாஸ்போர்ட் படம் கல்லில் தட்டையாக வரும். அப்பாவுக்குக் கேரம் போர்டு மேல் குனிந்து, விளக்கு ஒரு பக்கமாக விழும் படம் ஒன்று இருந்தது. கண்ணோரச் சுருக்கம் வரைக்கும் வந்திருக்கிறது. முதல் தடவை அம்மா அதைப் பார்த்தபோது விரலால் அந்தச் சுருக்கத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

இனி பொருட்கள். மீட்க முடியாத எதையும் அங்கே வைக்க வேண்டாம் என்பது எங்கள் வீட்டு முடிவு. அப்பா கடைசியாகப் போட்ட கண்ணாடி வீட்டில் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது, கல்லறையில் இருப்பது அதற்கு முந்தைய பவர் கண்ணாடி. அதுவும் அவர் முகத்தில் வருடக்கணக்கில் இருந்ததுதான். பிளாஸ்டிக் ஃப்ரேம் ஏற்கெனவே ஓரம் வெளுக்கத் தொடங்கிவிட்டது. போகட்டும், அது அங்கே இருந்தே தேயட்டும் என்று அம்மாவே சொல்லிவிட்டார். ஸ்ட்ரைக்கர் அவர் தினமும் ஆடியது அல்ல, மன்றத்து நண்பர்கள் கொடுத்தது. அவர் ஆடியது தம்பி பையன் கையில் இருக்கிறது, அவன் அதில் ஆடுகிறான். விசிலை வைக்கத் தம்பிக்கு ஆசைதான். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்தான் தடுத்தார். "யம்மா, பித்தளை, செம்பு எதுவும் வெக்காதீங்க, ராவோட ராவா பூடும்" என்றார். எடைக்குப் போட்டால் காசு வருகிற எதுவும் திறந்த வெளியில் நிற்காது. விசிலைப் படம் எடுத்து, அதையும் கல்லில் பொறித்தோம், அப்பா முகத்துக்குக் கீழே சின்னதாக.

பேத்தி வரைந்த படம்தான் எல்லோருக்கும் பிடித்தது. காகிதம் சென்னை ஈரத்தில் நெளியும், கறையான் கண்டால் விடாது. அவளையே வெள்ளை டைல்ஸ் மேல் பீங்கான் பெயின்ட்டால் வரையச் சொல்லி வீட்டு ஓவனில் சுடலாம். டப்பாவில் போட்டிருக்கும் சூட்டையும் நேரத்தையும் அப்படியே பின்பற்ற வேண்டும். இது சூளையில் சுட்ட அளவுக்கு நிற்காது என்று தெரிந்தேதான் செய்கிறோம், ஏனென்றால் அவள் ஒவ்வொரு வருடமும் புதிதாக வரைந்து தருகிறாள். பழைய டைல்ஸ் வீட்டுக்கு வந்துவிடும்.

கண்ணாடிக் கோலி, உருண்டையான பேப்பர்வெயிட் இவற்றைப் பெட்டிக்குள் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உச்சி வெயிலை அவை ஒரே புள்ளியில் குவிக்கும். பக்கத்தில் துணியோ காகிதமோ இருந்தால் கருகும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாமா என்றும் கேட்கிறார்கள். காற்றுப் போகிற பெட்டியில் அது ஓரிரு நாளிலேயே ஈரத்தைக் குடித்து நிறைந்துவிடும், பிறகு வெறும் பொட்டலம்தான். அதில் காசு போட வேண்டாம்.

சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை என்றால், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கொட்டிவிடுகிறது. கல்லறைத் திருநாள் நவம்பர் 2, அந்த மழைக்காலத்துக்குள்ளேயே விழுகிறது. ஊரே வெள்ளையடித்து, பெயின்ட் அடித்து, பூ வைக்கும் வாரத்தில்தான் மழையும் வரும். மழை அதிகமும் வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும், எனவே முடிந்தால் பெட்டியின் முகம் அந்தப் பக்கம் பார்க்காமல் வையுங்கள். மேற்கு பார்த்தால் பிற்பகல் வெயில். எங்கள் கல்லறை இருக்கும் வாக்குக்கு மேற்குதான் அமைந்தது, அதனால் கூரையை இன்னும் ஒரு அங்குலம் நீட்டச் சொன்னேன். உயரமும் முக்கியம். 2015 டிசம்பரிலும் 2023-ல் மிக்ஜாம் புயலிலும் நகரத்தில் எங்கெங்கே தண்ணீர் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். பெட்டி தலைமாட்டுக் கல்லோடு சேர்ந்து, தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் இருக்கட்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சாய்த்த மரங்களை நினைத்தால் எந்தப் பெட்டியும் எதற்கும் உத்தரவாதம் இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் தம்பி முந்தின நாளே போய் அந்த ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறான்.

தம்பி கூலி போடாததால் எல்லாம் சேர்த்து ஆறாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கிரானைட் பொறிப்புச் செலவு தனி.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. செப்டம்பர் கடைசியில் ஒரு முறை பெட்டியைத் திறந்து, ஓட்டையில் அடைத்திருக்கும் இலைத்தூசியைப் பழைய டூத் பிரஷால் எடுத்து, கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுவோம். கல்லை வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷும் கொண்டுதான் கழுவ வேண்டும். பாத்ரூம் ஆசிட், எலுமிச்சை, வினிகர் எதுவும் மார்பிள் பக்கமே வரக்கூடாது, பளபளப்பை அரித்துவிடும். திருநாளுக்கு முன்பு கூலிக்குச் சுத்தம் செய்ய வருபவர்கள் கையில் பெரும்பாலும் ஆசிட் பாட்டில்தான் இருக்கும். வேலை தொடங்கும் முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். திருநாளன்று ஃபாதர் மந்திரித்து முடிந்ததும் மாலையைக் கல்லின் மேலேயே விட்டுவராமல், சாயங்காலம் எடுத்துவிடுங்கள். ஊறிய பூ மார்பிளில் கறையாக இறங்கும். மெழுகுவர்த்தியைக் கல்லில் நேரடியாக ஒட்டாமல் ஒரு தட்டில் மணல் பரப்பி, கண்ணாடியிலிருந்து ஒரு முழம் தள்ளி ஏற்றுங்கள். சிந்திய மெழுகை அப்போதே தேய்க்காமல், முழுக்க இறுகிய பிறகு பழைய ஏடிஎம் கார்டு ஓரத்தால் சுரண்டினால் வில்லையாகப் பெயர்ந்து வந்துவிடும்.